நனைந்த ஜாக்கெட், பொடிந்த அடிப்பாகம்: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

மழை ஜாக்கெட் ஒன்று, தோல் சப்பாத்து ஒரு சோடி, இருவர் படுக்கக்கூடிய கூடாரம் ஒன்று ஆகிய மூன்றும் ஒரே மூட்டையாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் தையல், சலவைக் கடைக்கு வந்தன. கொண்டுவந்தவர் இவ்வட்டாரத்தில் ஆசிரியராகப் பணிபுரிபவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, பிறகு தாமானில் (புறநகர்க் குடியிருப்பில்) வீடு வாங்கிக் குடியேறிய தலைமுறையைச் சேர்ந்தவர். வனத்துறை அனுமதி பெற்ற குழு ஒன்றோடு கோர்பு மலை ஏறுவதற்குப் பெயர் கொடுத்திருந்தார். "அக்கா, எல்லாத்துக்கும் மேல தண்ணி ஒட்டாத ஸ்ப்ரேய அடிச்சுக் குடுத்திருங்க, அது போதும்" என்பதுதான் அவருடைய கோரிக்கை. அதை அப்படியே நிறைவேற்றியிருந்தால் ஜாக்கெட்டுக்குப் பாதிப் பயன் கிடைத்திருக்கும். கூடாரத்துக்கு எந்தப் பயனும் கிடைத்திருக்காது. சப்பாத்தின் உண்மையான கோளாறு மலையின் பாதிவழியில்தான் வெளிப்பட்டிருக்கும். நீர்விலக்கும் தன்மையை மீட்பது என்றாலே பூச்சு அடிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். பூச்சு அந்த வேலையின் கடைசிப் பகுதி மட்டுமே என்பதையும், சில பொருள்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பதையும் இந்த மூன்று பொருள்களும் தெளிவாகக் காட்டியதால், செய்தவற்றை வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

சூழல்

கிந்தா பள்ளத்தாக்கின் வட எல்லையில், ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உள்ள ஊர் சுங்கை சிப்புட். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் (ரப்பர்) காடு. இன்று பெரும்பகுதி செம்பனை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும் பிற்பகல் இடிமழை இங்கு வழக்கமானது. மழை இல்லாத நாளிலும் காற்றின் ஈரப்பதம் குறைவதில்லை. தீபகற்பத்தில் மாதச் சராசரி பொதுவாக 70 முதல் 90 சதவீதத்துக்குள் இருக்கிறது. துத்தநாகக் கூரையின் கீழ் உள்ள பொருள்வைப்பு அறையில் இந்த ஈரத்தோடு பகல் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. குளிர்நாடுகளில் எழுதப்படும் பராமரிப்புக் குறிப்புகள் பெரும்பாலும் பயன்பாட்டால் வரும் தேய்மானத்தைப் பற்றியே பேசுகின்றன. நம் ஊரில் மலைக்குப் போகும் பொருள்கள் மலையில் கெடுவதைவிட அலமாரியில்தான் அதிகம் கெடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

நீர்புகாத் துணியின் வரலாற்றில் இந்த மண்ணுக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை பெற்ற மழைத்துணி, நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டியதாகும். ஹென்றி விக்கம் 1876இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழிவந்த கன்றுகள் 1877இல் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அவ்வூரில் நிற்கிறது. எங்கள் கடையிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் அதைப் பார்த்து வரலாம். ரப்பர் பூசிய துணி மழையை முற்றாகத் தடுத்தது. உடம்பின் வியர்வையையும் அதே அளவுக்கு உள்ளேயே அடைத்து வைத்தது. இன்றைய மலையேற்ற ஜாக்கெட்டுகள் தீர்க்க முயல்வது இந்தச் சிக்கலைத்தான். அதற்காக அவை கையாளும் வழி நுட்பமானது என்பதால், அது பழுதுபடும் விதமும் எளிதில் விளங்குவதில்லை.

ஜாக்கெட்: எது கெட்டது என்று கண்டறிதல்

ஜாக்கெட் மூன்றடுக்கு வகை. வெளியே நைலான் துணி, நடுவே நுண்துளைச் சவ்வு, உள்ளே மெல்லிய வலைத்துணி. தையல் வழிகளின் உட்பக்கத்தில் நீர் புகாமலிருக்க டேப் ஒட்டப்பட்டிருந்தது. "தண்ணி உள்ளே வருது அக்கா, சவ்வு போயிருச்சு போல" என்றார் அவர். இந்த முடிவுக்குப் பலரும் வருகிறார்கள். பெரும்பாலும் அது தவறான முடிவாகவே இருக்கிறது.

இத்தகைய ஜாக்கெட்டில் மழையைத் தடுக்கும் வேலையை இரண்டு பகுதிகள் பங்கிட்டுக்கொள்கின்றன. நீர் உள்ளே புகாமல் நிறுத்துவது நடுவில் உள்ள சவ்வு. வெளித்துணியின் இழைகள்மேல் உள்ள நீர்விலக்கிப் பூச்சின் வேலை, அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. பூச்சு நல்ல நிலையில் இருக்கும்போது மழைத்துளி சேம்பிலைமேல் விழுந்ததுபோல் உருண்டு ஓடிவிடும். பூச்சு செயலிழந்தால் வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்துவிடும். சவ்வு அப்போதும் தண்ணீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நனைந்த வெளித்துணி சவ்வின்மேல் ஒரு நீர்ப்படலமாகக் கிடந்து, உள்ளிருந்து ஆவியாக வெளியேற வேண்டிய வியர்வையை மறித்துவிடும். அந்த வியர்வை குளிர்ந்த சவ்வின் உட்பக்கத்தில் துளிகளாகப் படியும். அணிந்திருப்பவருக்கு உள்ளே ஈரம் தெரிகிறது, தோளில் குளிர் ஏறுகிறது. மழை உள்ளே வந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டுகிறார். ஆகவே ஜாக்கெட் ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னால், வெளிப்பூச்சு செயலிழந்ததா, சவ்வு கிழிந்ததா அல்லது அடுக்குகள் பிரிந்ததா, தையல் டேப் உரிந்ததா என்ற மூன்றையும் தனித்தனியே சோதித்துப் பார்க்காமல் கையில் எதையும் எடுக்கக் கூடாது.

தையல் டேப்பை முதலில் பார்த்தோம். ஜாக்கெட்டை உட்புறம் வெளியாகத் திருப்பி, நல்ல வெளிச்சத்தில் தோள், தொப்பி, அக்குள் ஆகிய இடங்களில் டேப்பின் விளிம்பை நகத்தால் மெல்ல நெருடிப் பார்த்ததில் எங்கும் கிளம்பவில்லை. அடுக்குகள் பிரிந்திருந்தால் வெளித்துணியில் கொப்புளம்போல் உப்பிய திட்டுகள் தெரியும், அவையும் இல்லை. பிறகு சவ்வைச் சோதித்தோம். உள்ளே உலர்ந்த டிஷ்யூத் தாளை வைத்த ஒரு கிண்ணத்தின் வாயில் ஜாக்கெட்டின் முதுகுப் பகுதியை வெளிப்பக்கம் மேலாக இருக்கும்படி தொய்வாக விரித்து, ரப்பர் வளையத்தால் இறுக்கி, அந்தக் குழிவில் தண்ணீர் ஊற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். திரும்பி வந்து பார்த்தபோது வெளித்துணி நன்றாக நனைந்து நிறம் மாறியிருந்தது. தாளில் ஒரு பொட்டு ஈரமும் இல்லை. தோள்பட்டையிலும் கைகளிலும் இதே சோதனை இதே முடிவைத் தந்தது. சவ்வு முழுமையாக இருந்தது.

எஞ்சியது வெளிப்பூச்சு. இதற்கென ஆய்வகங்களில் தரப்படுத்தப்பட்ட தெளிப்புச் சோதனை உண்டு: 45 பாகை சாய்வில் நீட்டி வைத்த துணியின்மேல் 150 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 250 மில்லிலிட்டர் தண்ணீரைத் தெளித்து, துணி நனைந்த விதத்தைப் படத்தோடு ஒப்பிட்டு 0 முதல் 100 வரை மதிப்பிடுவார்கள். எங்கள் கடையில் அவ்வளவு வசதி இல்லை. மருந்துக்கடைச் சொட்டுக்குழாயால் துளிகளை இட்டுப் பக்கவாட்டில் இருந்து கூர்ந்து பார்க்கிறோம். துளி உருண்டையாக நின்று, துணியைச் சாய்த்ததும் தடமின்றி ஓடினால் பூச்சு நலமாக உள்ளது. அரைக்கோளமாகக் குந்தி, அடியில் மெல்லக் கருத்தால் பூச்சு தளர்ந்திருக்கிறது. விழுந்தவுடன் பரவி மறைந்தால் அவ்விடத்தில் பூச்சு வேலை செய்யவில்லை. இந்த ஜாக்கெட்டில் மார்புப் பகுதியில் துளிகள் அரைக்கோளமாக நின்றன. முதுகிலும் தோளிலும் உடனே பரவின. எங்களுக்கு வியப்பளித்தவை கைமடிப்பும் அடிவிளிம்பும்தான். அதிகம் தேய்மானம் காணாத அந்த இடங்களில் துளிகள் மற்ற எல்லா இடங்களையும்விட வேகமாக உறிஞ்சப்பட்டன.

காரணத்தை அவரிடம் கேட்டே அறிந்தோம். காட்டில் அட்டை ஏறாமலிருக்க, பழக்கப்பட்டவர்கள் சொன்னபடி, காற்சட்டையிலும் சப்பாத்திலும் ஜாக்கெட்டின் விளிம்புகளிலும் ஈரச் சோப்புக்கட்டியைத் தேய்த்திருக்கிறார். அதோடு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வீட்டில் வழக்கமான சலவைத்தூளைப் போட்டு இயந்திரத்தில் துவைத்து, வாசனைக்காகக் கடைசி அலசலில் சாஃப்ட்னரும் (துணியை மென்மையாக்கும் திரவம்) சேர்த்திருக்கிறார். ஆடையைச் சுத்தமாக வைத்திருக்கும் ஒருவரின் நல்ல பழக்கமே இங்கே பூச்சுக்கு எதிராகிவிட்டது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை, அதாவது துளியை உருண்டையாக இழுத்துப் பிடிக்கும் விசை, ஏறக்குறைய மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நைலானின் மேற்பரப்பு ஆற்றல், அதாவது நீரைத் தன்மேல் பரவவைக்கும் ஈர்ப்பு, இதே அளவுகோலில் 45ஐ ஒட்டியது. நல்ல நீர்விலக்கிப் பூச்சு அதை 30க்குக் கீழே இறக்கிவிடும். இந்த இடைவெளி பெரிதாக இருக்கும்வரை நீர் பரவாமல் உருண்டு நிற்கும். சோப்பும் சலவைத்தூளும் செய்வதே தண்ணீரின் இழுவிசையைக் குறைத்து, அதைத் துணிக்குள் புகவைப்பதுதான். அழுக்கு அப்படித்தான் வெளியேறுகிறது. அலசலில் முழுதும் போகாமல் இழையில் தங்கிவிட்ட மிச்சம், அடுத்த மழையிலும் அதே வேலையைச் செய்கிறது. சாஃப்ட்னர் இதைவிடக் கேடு விளைவிப்பது. இழைமேல் ஒட்டிக்கொண்டு தங்குவதற்காகவே உருவாக்கப்பட்ட பொருள் அது. சவ்வு உள்ள எந்தத் துணிக்கும் அதைச் சேர்க்கக் கூடாது.

கழுவியதும் கிடைத்த முதல் விடை

அழுக்கின்மேல் பூச்சு அடித்தால் அது அழுக்கில்தான் ஒட்டும். ஆகவே முதல் சிகிச்சை துவைப்பு. இயந்திரத்தின் சலவைத்தூள் இழுப்பறையைக் கழற்றிப் பழைய தூளைத் துடைத்தெடுத்தோம். ஜிப்புகளையும் ஒட்டுப்பட்டைகளையும் மூடி, மழைத்துணிகளுக்கென விற்கப்படும் சோப்பு வகைத் திரவத்தை அளவோடு சேர்த்து, ஜாக்கெட்டின் சீட்டில் இருந்தபடி 40 பாகை செல்சியஸில் துவைத்தோம். கழுத்துப்பட்டையில் வியர்வையும் வெயில் பூச்சும் படிந்து மங்கியிருந்த இடத்தை அதே திரவத்தால் மென்மையான தூரிகையைக் கொண்டு முன்னதாகவே தேய்த்தோம். அலசல் நீரில் நுரை தெரிவது நிற்கும்வரை மீண்டும் மீண்டும் அலசினோம். முதல் அலசல்களில் வந்த நுரை நாங்கள் சேர்த்த திரவத்தால் வந்திருக்கக்கூடிய அளவைவிட மிகுதியாக இருந்தது, பழைய சலவைத்தூள் அவ்வளவு தங்கியிருந்தது. சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய இடங்களில் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கடின நீரில் சோப்பு கரையாத படிவாக மாறித் துணியிலேயே தங்கிவிடக்கூடும். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைநீரைப் பயன்படுத்துவது நல்லது.

துவைத்து நிழலில் உலர்த்திய பிறகு மீண்டும் சொட்டுக்குழாயோடு உட்கார்ந்தோம். எதையும் சேர்க்காமல், வெறும் துவைப்பாலேயே, கைமடிப்பிலும் அடிவிளிம்பிலும் துளிகள் உருண்டையாக நின்றன. அங்கே பூச்சு ஒருபோதும் போயிருக்கவில்லை. சோப்பின் அடியில் மறைந்திருந்தது, அவ்வளவுதான். ஆசிரியரை அழைத்து இதை நேரில் காட்டினோம். குனிந்து பார்த்தவர் தாமே ஒரு துளியை விட்டு, கையை ஆட்டி, அது ஓடுவதைப் பார்த்தார். "அப்போ நான் காசு குடுத்து வாங்குன சோப்புத்தூள்தான் இவ்வளவு நாளும் மழையைக் கூப்பிட்டு உள்ள விட்டிருக்கு" என்றார். முதுகில் பாதி முன்னேற்றம் இருந்தது. தோளில் எந்த மாற்றமும் இல்லை.

சூடு

இரண்டாவது சிகிச்சை வெப்பம். பழைய ஃப்ளோரின் வகைப் பூச்சுகளில் நீரை விலக்கும் மூலக்கூற்று முனைகள் இழையிலிருந்து வெளிநோக்கி நிமிர்ந்து நிற்க வேண்டும். தேய்ப்பும் துவைப்பும் அவற்றைச் சாய்த்துவிடுகின்றன. மிதமான சூடு அவற்றை மீண்டும் நிமிர்த்துகிறது. இந்த ஜாக்கெட் அந்த வகையைச் சேர்ந்தது என்பதை அதன் வயதிலிருந்து அனுமானித்தோம். உலர்ந்த ஜாக்கெட்டை டிரையரில் மிதமான சூட்டில் சுமார் 20 நிமிடம் சுழலவிட்டோம். ஊர்தோறும் வந்துவிட்ட சுயசேவை டோபிகளில் இதைச் செய்ய விரும்புவோர் உச்ச வெப்பத்தைத் தேர்வு செய்யவே கூடாது. தையல் டேப்பின் பசை இளகினால் நல்ல ஜாக்கெட் உண்மையாகவே ஒழுகத் தொடங்கும். முன்பு சுழன்ற துணிகளின் சாஃப்ட்னர் மணம் அந்த டிரையரில் வீசினால் வேறொன்றைப் பாருங்கள். வீட்டில் டிரையர் இல்லாதவர்கள், நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான், இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல், இடையில் ஒரு பருத்தித் துணியை விரித்து நிதானமாகத் தேய்க்கலாம். வெயிலில் காயப்போடுவது இதற்கு மாற்றாகாது. நம் வெயிலின் புறஊதாக் கதிர் நைலானை நலிவடையச் செய்யும். பூச்சை நிமிர்த்தும் அளவு சூடும் அதில் கிடைக்காது.

சூட்டுக்குப் பிறகு முதுகுப் பகுதி முழுமையாகத் தேறியது. மார்பில் அரைக்கோளமாக நின்ற துளிகள் உருண்டன. தோள்பட்டையில், முதுகுப்பையின் பட்டை அழுத்தும் இரண்டு நீளமான தடங்களில் மட்டும் துளிகள் இன்னும் பரவின. அங்கே பூச்சு உண்மையாகவே தேய்ந்து போயிருந்தது. முதல் நாள் முழு ஜாக்கெட்டுக்கும் கேட்ட ஸ்ப்ரே உண்மையில் தேவைப்பட்ட இடம் அந்த இரண்டு தடங்கள் மட்டுமே.

பூச்சைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் கிடைக்கும் நீர்விலக்கிகளைத் துவைக்கும்போது நீரில் கலப்பவை, மேலே தெளிப்பவை என்று பிரிக்கலாம். கலக்கும் வகை துணியின் உட்பக்கத்திலும் படிந்துவிடும். வியர்வையை உறிஞ்சிப் பரப்ப வேண்டிய உட்துணியையும் நீர்விலக்கியாக்கிவிடுவதால், உட்துணி தைத்த ஜாக்கெட்டுகளுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. இங்கே தேவைப்பட்டது இரண்டு தடங்களுக்கு மட்டும் என்பதால் நீரில் கரைந்த தெளிப்பு வகையை எடுத்தோம். பொருளின் சீட்டில் உள்ள அறிவுரைப்படி ஈரத்துணியின்மேல் ஒரு சாண் தூரத்திலிருந்து சீராகத் தெளித்து, சில நிமிடங்களில் மிகுதியை ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, உலர்ந்தபின் மீண்டும் மிதச் சூடு கொடுத்தோம். ஒற்றியெடுக்காமல் விட்டால் உலர்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் தெரியும்.

அழுத்தக் குப்பியில் வரும் கரைப்பான் வகை ஸ்ப்ரேக்களை எங்கள் கடையில் பயன்படுத்துவதில்லை. அவற்றின் நுண்திவலைகளை மூச்சில் இழுத்து நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் உள்ளன. மூடிய அறையில், அதிலும் அடுப்பெரியும் சமையலறையில், அதைத் தெளிப்பது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். எதைத் தெளித்தாலும் வெளித்திண்ணையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று தெளியுங்கள்.

ஃப்ளோரின் கலந்த பூச்சா, கலக்காததா என்ற கேள்வியை ஆசிரியரே எழுப்பினார். நீண்ட ஃப்ளோரோகார்பன் சங்கிலிகளோடு தொடர்புடைய பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாது. உடம்பிலும் நீண்ட காலம் தங்கும். எளிதில் சிதையாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2019இல் அது சேர்க்கப்பட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்கள் இந்த வேதிக் குடும்பத்தைக் கலந்த ஆடைகள் பலவற்றின் விற்பனைக்கு 2025 தொடக்கத்திலிருந்து தடை விதித்துள்ளன. ஆகவே சந்தையே மாறிக்கொண்டிருக்கிறது. ஃப்ளோரின் இல்லாத மெழுகு, சிலிக்கோன் வகைகள் தண்ணீரை நன்றாகவே விலக்குகின்றன. ஆனால் எண்ணெயை விலக்குவதில்லை, ஏனெனில் எண்ணெயின் இழுவிசை நீரினதில் பாதிக்கும் குறைவு. உடல் எண்ணெய், வெயில் பூச்சு, கொசு மருந்து ஆகியவை அவற்றின்மேல் எளிதில் படியும் என்பதால் ஜாக்கெட்டை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். எங்கள் கடைக் கழிவுநீர் போய்ச் சேருமிடம் இதே வட்டாரத்து ஆறு. கூடுதல் துவைப்பு அதற்கு ஈடாகக் கொடுக்கத் தக்க விலையே என்று கருதி ஃப்ளோரின் இல்லாததையே பயன்படுத்துகிறோம்.

சப்பாத்து

கணுக்காலை மூடும் முழுத்தோல் சப்பாத்து. வெளித்தோற்றம் மூன்று பொருள்களிலும் சிறந்தது: தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருந்தார். தோலுக்கு எண்ணெய் நல்லது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மிகையான எண்ணெய் தோலின் நார்களைத் தளர்த்திவிடும்; நம் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். நாக்குத்தோலின் மடிப்புக்குள் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்ததைக் கயிற்றைக் கழற்றியபின்தான் காண முடிந்தது.

தோலைத் தூரிகையால் தேய்த்து, பூஞ்சையை நீர் கலந்த வினிகரால் துடைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, சற்றே ஈரம் இருக்கும்போதே நீர் அடிப்படையிலான மெழுகைத் தையல் வழிகளில் அழுத்திப் பூச வேண்டும் என்பதே திட்டம். தோலுக்கு டிரையரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். வறண்டு வெடித்த தோலை எந்த மெழுகும் கூட்டாது.

அந்த வேலையைத் தொடங்குமுன் அடிப்பாகத்தைப் பார்த்ததால் திட்டமே மாறியது. இத்தகைய சப்பாத்துகளில் தோலுக்கும் தரையைத் தொடும் ரப்பருக்கும் நடுவே பாலியூரித்தேன் நுரையாலான மெத்தைப் பகுதி இருக்கும். குதிகாலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தியபோது விரல் பதிந்த இடம் எழும்பவில்லை; நகத்தால் சுரண்டியபோது பழைய பிஸ்கட்போல் பொடியாக உதிர்ந்தது. எஸ்டர் வகைப் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகிறது. அந்தச் சிதைவில் உண்டாகும் அமிலமே அடுத்த சிதைவை விரைவாக்குகிறது. பெட்டிக்குள் பத்திரமாக, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இது நிற்பதில்லை. அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின்மேல் வைத்திருந்தார்.

"தம்பி, இதுக்கு மேல பூசுறதுல ஒன்னும் இல்ல. காட்டுல நாலு மணி நேரம் நடந்தா அடி கழண்டு கையில வந்துரும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நம்பவில்லை. பொடிந்த துகளை அவருடைய உள்ளங்கையில் கொட்டிக் காட்டிய பிறகே சப்பாத்தைத் திரும்ப மூட்டையில் வைத்தார். கோர்பு 2,183 மீட்டர். தீபகற்பத்தில் 2,187 மீட்டர் உயரமுள்ள தாஹான் மலைக்கு அடுத்தபடியானது. அதன் வழியில் அடிப்பாகம் பிரிந்த காலோடு இறங்குவது விளையாட்டல்ல. அடியை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் உண்டு. தோல் நன்றாக இருந்ததால் அதை அவரிடம் தெரிவித்தோம். பயணத்துக்கு அதற்கான நேரம் இல்லாததால் அவர் தேர்ந்தெடுத்தது 'கம்போங் அடிடாஸ்' என்று மலேசியா முழுவதும் அறியப்பட்ட கருப்பு ரப்பர் சப்பாத்து. பால் வெட்டுக்குப் போனவர்கள் கால்களில் அதைப் பார்த்துத்தான் அவர் வளர்ந்தார். முழுதும் வார்த்த ரப்பர் என்பதால் தண்ணீரை உறிஞ்சுவதில்லை, உள்ளே வந்த நீர் உடனே வழிந்துவிடுகிறது, சேற்றில் முள்ளடி பிடித்து நிற்கிறது. கணுக்காலுக்கு அது துணை செய்யாது. கனமான சுமையோடு பழக்கமில்லாதவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கூடாரம்

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பையைத் திறந்ததும் எழுந்த புளித்த வாடையே போதுமானதாக இருந்தது. மேல்விரிப்பின் உட்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து, மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது மீன்செதிள்போல் உரிந்தது. சப்பாத்தின் அடியைத் தின்ற அதே ஈரச் சிதைவுதான் இங்கும் நடந்திருக்கிறது. வெளிப்பக்கத்தில் நீர்விலக்கியை எவ்வளவு தெளித்தாலும், நீரை நிறுத்த வேண்டிய படலமே இல்லாத துணி மழையின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பழைய பூச்சை ஆல்கஹாலால் தேய்த்தெடுத்துப் புதிதாகப் பூச வழியுண்டு. ஒரு கூடாரம் முழுதும் அதைச் செய்யும் உழைப்புக்கு நியாயமான கூலியைக் கேட்டால் புதிய கூடாரத்தின் விலையை எட்டிவிடும். துணியையும் கம்பிகளையும் நிழல்பந்தலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னோம். குழுவில் வேறொருவரின் கூடாரத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

மலைக்குப் பிறகு

பயணம் முடிந்து ஜாக்கெட் எங்களிடம் திரும்பி வந்தது. இரண்டு நாள் பிற்பகலிலும் நல்ல மழை என்றார். முதல் நாள் முழுதும் துளிகள் உருண்டன. இரண்டாம் நாள் பையின் பட்டைக்கு அடியில் தோள் மீண்டும் நனைந்தது, மற்ற இடங்கள் நனையவில்லை. சுமையோடு மணிக்கணக்காக அரைபடும் இடத்தில் புதிதாகத் தெளித்த பூச்சு இவ்வளவு காலம்தான் தாங்கும். நீண்ட பயணத்துக்குமுன் அந்த இரண்டு தடங்களுக்கு மட்டும் மறுபடி தெளித்துச் சூடு கொடுக்கும்படி சொல்லியிருக்கிறோம்.

அடிவாரத்து ஏற்றத்தில் உள்ளே ஈரமாகவே இருந்ததாகவும், மேலே போனபின் அது குறைந்ததாகவும் அவர் சொன்னார். இது பூச்சின் குறையன்று. சவ்வு வழியாக வியர்வை வெளியேறுவது உள்ளும் வெளியும் உள்ள நீராவி அழுத்த வேறுபாட்டால்தான். தாழ்நிலத்தின் வெந்நீராவி போன்ற காற்றில் அந்த வேறுபாடு சிறிது. மலையின் குளிரில் அது பெரிது. சமவெளி மழையில் நடப்பவர்களுக்கு, சிறந்த ஜாக்கெட்டைவிட அக்குள் ஜிப்பைத் திறந்துவிடுவது அதிகம் உதவும். மோட்டாரில் போகிறவர்களுக்குப் பழைய பிளாஸ்டிக் மழைக்கோட்டே போதும். எல்லோரும் விலையுயர்ந்த சவ்வு ஜாக்கெட்டை வாங்க வேண்டியதில்லை என்று கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்லத் தயங்குவதில்லை.

சேமிப்பு முறையை மாற்றியதுதான் இந்த நிகழ்வில் நீடித்த பலன் தரக்கூடியது. பிளாஸ்டிக் பையும், கூரையை ஒட்டிய அலமாரி உச்சியும், காரின் பின்பெட்டியும் இனி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். முற்றிலும் உலர்ந்த பிறகு, காற்றோட்டமான படுக்கையறையில், தடித்த மாட்டியில் ஜாக்கெட் தொங்க வேண்டும். மடித்து இறுக்கக் கூடாது. அட்டைக்குச் சோப்புத் தேய்ப்பதை நிறுத்தி, முழங்கால்வரை இறுக நெய்த அட்டைக் காலுறையை அணியச் சம்மதித்தார்.

இம்முறை ஜாக்கெட்டைத் துவைத்து உட்புறம் திருப்பியபோது, தொப்பியின் உச்சியில் மூன்று தையல்கள் கூடும் இடத்தில் டேப்பின் ஒரு மூலை நகத்தளவு கிளம்பியிருப்பது தெரிந்தது. முதல் சோதனையில் அது ஒட்டியே இருந்தது. ஆல்கஹாலால் துடைத்து, தையல் பசையை மெல்லியதாகத் தடவி, ஓர் இரவு பாரம் வைத்து ஒட்டினோம். அந்த மூலையை அடுத்த முறை வரும்போது முதலில் பார்க்க வேண்டிய இடமென்று சீட்டில் குறித்து, சீட்டை உட்பையில் வைத்து ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தோம்.